பஸ் வருவதற்குள் அவிழ்த்த பேனர்

டிசைன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "எங்கயும் சம்பளத்துக்குப் போகாம, தனியாவே நின்னு எப்படிக்கா சமாளிச்சீங்க?" சமாளித்தேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? பாதிக்காலம் பயத்திலேயே ஓடியது. கண்ணில் புரை வந்து கம்ப்யூட்டரை மூடி வைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

எந்த எழுத்தை எங்கே வைப்பது, எந்த நிறத்தோடு எது சேரும் என்பதையெல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். என்னிடம் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் எதற்கு அப்படி நடுங்கினேன் என்பது உங்களுக்குப் புரியாது.

நான் பிறந்தது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், கூலியாட்களுக்குக் கட்டிய வரிசைவீட்டில். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். "நம்ம நாட்டுக்கே போறோம்" என்று அப்பா கப்பலேற்றிக் கூட்டிவந்தார். வந்து இறங்கினால் இங்கே எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. அம்மா குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனாள். எனக்குப் படம் வரைய வரும். கடைகளுக்குப் போர்டு எழுதினேன், பிறகு ஒரு கடையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன், கடைசியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, குன்னூரில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்தேன்.

உட்கார்ந்துவிட்டால் போதுமா? எஸ்டேட்டில் காலையில் போய் நின்றால் யாராவது வேலை சொல்வார்கள். தனியாகத் தொழில் செய்கிறவளுக்கு யார் சொல்வார்கள்? மற்றவர்களுக்கு மாமன், மச்சான், கூடப் படித்தவன் என்று வேலை வரும். எனக்கு இந்த ஊரில் அப்படி ஒரு நாதியும் இல்லை. எனக்கு வேலை சாவு வழியாக வந்தது.

சிரிக்காதீர்கள், உண்மை. கல்யாணப் பத்திரிகைக்குப் பத்துக் கடை ஏறி விலை கேட்பார்கள். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நேரம் ஏது? உடனே வேண்டும். பண்டிகை நாளோ ஞாயிற்றுக்கிழமையோ, எந்தக் கடை பூட்டியிருந்தாலும் சிலோன் பொண்ணு போட்டுக் கொடுப்பாள் என்று பஜாரில் பேச்சு பரவியது. வியாபாரிகள் சங்கத்து வேலை முழுக்க என்னிடம் வந்தது அப்படித்தான்.

ஆனால் முதல் பேனரிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் யாராவது இறந்தால் பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டுவார்கள், அவ்வளவுதான். யார் போனது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். செத்தவர் முகத்தைச் சுவரில் பார்க்கிற வழக்கமே இங்கே வந்துதான் எனக்குப் பழகியது. அதனால் முதல் வேலையில் இறந்தவர் படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் வெள்ளையாக விட்டு, பெயரை மட்டும் போட்டுக் கொண்டுபோனேன். சங்கத்துச் செயலாளர் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, நாங்கெல்லாம் எங்க?"

அஞ்சலி செலுத்துகிறவர்கள் படமெல்லாம் கீழே வரிசையாக வர வேண்டும், செயலாளர் படம் மற்றவர்களைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அன்று தெரிந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து எதைச் சொன்னாலும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டியே காலத்தை ஓட்டினேன். பிழைக்க வந்த இடத்தில் ஒருத்தரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு எலும்பில் ஊறிய பயம்.

இனி அந்த மத்தியானம்.

சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தேன். செயலாளர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நம்ம பாத்திரக்கடை செல்வராஜண்ணன் போயிட்டாருங்க. சரக்கெடுக்கக் கோயமுத்தூர் போன எடத்துல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சாம். பாடி சாயங்காலம் மேல வந்துரும். அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுல பேனர் நிக்கோணும்."

எனக்குக் கை ஈரம் காயவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செல்வராஜண்ணன் சங்கத்தின் பழைய தலைவர். சிலோன் பொண்ணு என்று இந்த ஊரில் எல்லாரும்தான் சொன்னார்கள், ஆனால் அவர் சொன்னால் மட்டும் எனக்குச் சுருக்கென்று படாது. அவர் மனைவி சரோஜாக்காவையும் தெரியும். மகள் கல்யாணப் பத்திரிகைக்கு நிறம் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேர்ந்தெடுக்க முடியாமல் அந்தம்மா பட்ட பாட்டில் மூன்று தடவை காபி குடித்தேன். அழுதேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் அழுவதற்கும் அவசரமாகத்தான் நேரம் கிடைக்கும்.

நன்றாகவே செய்தேன். இந்த மலையில் பிளாஸ்டிக் பேனர் கூடாது என்பதால் துணியில்தான் அடிப்போம், துணியில் நிறம் மங்கும். அதற்குத் தகுந்தபடி முகத்தைத் தெளிவாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். அச்சுக்கு அனுப்பினேன். அடித்து முடித்து, சங்கத்து ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்க் கட்டியாகிவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து சுவரொட்டி. அதில் எப்போது எடுக்கிறார்கள் என்று போட வேண்டும். அதைக் கேட்கத்தான் அவர்களுடைய மூத்த மகனைக் கூப்பிட்டேன். அவன் அப்பாவின் உடலோடு ஆம்புலன்சில் வந்துகொண்டிருந்தான்.

"மேட்டுப்பாளையம் தாண்டிட்டோம்கா. நாளைக்குக் காலைல எடுக்கறோம்." குரல் உடைந்திருந்தது. "அக்கா, ஒண்ணு சொல்லோணும். எங்கம்மாவுக்கு இன்னும் தெரியாதுங்க. தங்கச்சிக்குக் கொழந்த பொறந்திருக்குதுன்னு ஊட்டிக்கு அந்தப் பக்கம் சோலூர்ல அவ ஊட்டுல இருந்தாங்க. அப்பாவுக்கு லேசா முடியல, திரும்பி வந்துட்டு இருக்கறாருன்னுதான் சொல்லியிருக்கு. மாப்பிள்ளை பஸ்ல கூட்டிட்டு வர்றாரு."

"பஸ்ஸிலயா தம்பி?"

"கார் புடிச்சா சந்தேகம் வந்துருமுங்க. எப்பவும் போல வரட்டும்னு நாந்தான் சொன்னேன். ஊட்டுல பெரியம்மா, அத்தையெல்லாம் இருக்கறாங்க. பக்கத்துல உக்கார வச்சு மெதுவாச் சொல்லிக்கலாம்னு. இப்பக் கேத்தி தாண்டியிருப்பாங்க..."

"தம்பி, பஸ் ஸ்டாண்டுல பேனர்" என்று ஆரம்பித்தேன். லைன் போய்விட்டது. மலைப்பாதையில் எந்த வளைவில் சிக்னல் போகும், எந்த வளைவில் திரும்ப வரும் என்று உங்களுக்கே தெரியும். மறுபடி மறுபடி போட்டேன், கிடைக்கவில்லை.

நம் பக்கத்து வழக்கம் இது. வெளியூரில் இருக்கும் பெண்ணுக்குப் புருஷன் செத்த சேதியைப் போனில் சொல்ல மாட்டார்கள். உடம்பு முடியவில்லை என்று சொல்லி வீடு வரைக்கும் கூட்டிவந்து, நாலு பெண்கள் பிடித்துக்கொள்ள இருக்கும்போதுதான் சொல்வார்கள். ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றும். அந்தப் பொய்யை, ஊட்டி பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேரெதிரே, ஆள் உயரத்துக்கு நான் உடைத்து மாட்டி வைத்திருக்கிறேன்.

செயலாளரைப் போனில் பிடிக்கப் பார்த்தேன். பேசிக்கொண்டே இருக்கிறார். செருப்பைப் போட்டேனா, கதவைப் பூட்டினேனா என்று இன்றுவரை தெரியாது, இறக்கத்தில் ஓடினேன். பாதி வழியில் மலையைப் பார்த்தேன். வேண்டாத நாளிலெல்லாம் வந்து ஊரை மூடுகிற பனிமூட்டம் அன்றைக்கு வரக் கூடாதா? கழுவி விட்ட மாதிரி வெயில் அடித்தது.

பஸ் ஸ்டாண்டில், விளக்குக் கம்பத்துக்கும் டீக்கடைத் தூணுக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே செல்வராஜண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். கீழே சங்கத்து ஆட்கள் கூடி நின்றார்கள். செயலாளர் கையில் பெரிய ரோஜா மாலை. யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து பேனருக்கு மாலை போடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"இதை அவிழ்க்கணுங்க. இப்பவே" என்றேன். மூச்சு வாங்கியது.

"என்னங்க, எழுத்து ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"தெரியாம இருக்குமுங்களா? ஊருக்கே தெரியுது, சம்சாரத்துக்குத் தெரியாதா?"

"மகனே சொன்னாருங்க. ஊட்டி பஸ்ஸில வந்துட்டு இருக்காங்க. இங்கதான் இறங்குவாங்க."

"அப்படியே இருந்தாலும் எப்படியும் தெரியோணுமல்ல? இன்னும் கொஞ்ச நேரத்துல பாடியே வரப்போவுது. பெரிய ஆளுக வர்ற நேரத்துல பேனரை அவுத்தா சங்கத்துக்கு மரியாதை என்னாகறது?" பிறகு குரலைத் தணித்தார். அவர் கத்தினால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "இங்க பாருங்க. டிசைன் பண்றதோட உங்க வேலை முடிஞ்சுது. கட்டறதும் அவுக்கறதும் எங்க வேலை. நீங்க இதுல கை வச்சீங்கன்னா, அப்புறம் பஜார்ல ஒரு விசிட்டிங் கார்டுகூட உங்களுக்கு வராது. பொழைக்க வந்த எடத்துல பாத்து நடந்துக்கோங்க."

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் ஒரு நாள் ஓடும். முதலில் ஓடியது சரோஜாக்கா இல்லை. அறை வாடகை ஓடியது. எஸ்டேட்டிலிருந்து ரிட்டயராகி, லயத்தைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து இருந்த அம்மா ஓடினாள். அவர் சொன்னது நியாயமாகக்கூடப் பட்டது. சொன்னதைச் செய்தாயிற்று, அனுப்பியாயிற்று, இனி யார் எதைப் பார்த்தால் எனக்கென்ன? சரிங்க என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. தோட்டத்துத் துரை வந்தால் எழுந்து நிற்கிற உடம்பு இது.

ஆனால் அந்த எழுத்தை அவ்வளவு பெரிதாக வைத்தது யார்? ஜன்னலோரம் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது யார்? செயலாளருக்கு அந்தப் பேனர் ஒரு மரியாதை. அதை முதலில் படிக்கப் போகிறவள் யார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் உறைத்தது. நாம் செய்வதெல்லாம் யாரோ ஒருவர் கண்ணில் படுவதற்காகத்தானே? அந்தக் கண் யாருடையது என்று தெரிந்த பிறகும் என் வேலை முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்?

சர்க்யூட் ஹவுஸ் பக்கத்து வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா நார் வெட்டுகிற கத்தியைக் கேட்காமலே எடுத்தேன். டீக்கடை பெஞ்சில் ஏறினேன்.

"ஏய், அந்தப் பொம்பளையப் புடிங்க!" என்று யாரோ கத்தினார்கள். என் புடவையை ஒருவர் இழுத்தார். ஒரு பக்கத்துக் கயிறு அறுந்தது. துணி சரிந்து பாதி முகம் மடங்கித் தொங்கியது. இன்னொரு கயிறு கம்பத்தில் உயரத்தில் இருந்தது, எனக்கு எட்டவில்லை. பஸ் உள்ளே திரும்புகிறது. தொங்கிய துணியை இரண்டு கையாலும் பிடித்து என் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தேன். கிழிந்துகொண்டு வந்தது. பெஞ்சிலிருந்து விழுந்த வேகத்திலேயே முகம் உள்ளே போகும்படி சுருட்டினேன்.

செயலாளர் என்னை அடிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். கை ஓங்கியிருந்தது. அப்போது பஸ் ஜன்னலில் அவரும் சரோஜாக்காவைப் பார்த்துவிட்டார். ஓங்கிய கை இறங்கியது. மறுகையில் இருந்த மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சரோஜாக்கா இறங்கினார். மருமகன் பின்னாலேயே பையோடு வந்தான், அவன் முகத்தில் உயிரில்லை. அக்கா தலையில் கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன கண்ணு, இங்க நிக்கறே? முழங்கையெல்லாம் ரத்தமா இருக்குது!"

"தடுக்கி விழுந்துட்டேங்கக்கா."

"பாத்து நடக்கக் கூடாதா? கையில என்னது, பேனரா? யாருக்கு?"

சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் என் கையிலிருந்த சுருளையே பார்த்தார்கள்.

"திறப்பு விழாவுக்குங்கக்கா. புதுசா ஒரு பேக்கரி."

"நல்லா நடக்கட்டும்." பையிலிருந்து ஏதோ ஒரு துணியை எடுத்து என் முழங்கையில் சுற்றிவிட்டார். "எங்கூட்டுக்காரருக்கு ஒடம்பு சொகமில்லையாம். நெஞ்செரிச்சலாத்தான் இருக்கும். எண்ணெய்ப் பலகாரம் ஆவாதுன்னு சொன்னா என்னைக்குக் கேட்டிருக்கறாரு? ரசஞ்சோறு ஆக்கிக் குடுத்தா சரியாப் போயிரும்."

அப்படிச் சொல்லிவிட்டு மேட்டில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் வளைவில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் பிறகு நான் அந்தத் துணிச்சுருளைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பூக்காரம்மா வந்து கத்தியை வாங்கிக்கொண்டு போனாள்.

செயலாளர் மனம் மாறி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும். இல்லை. மாலையை மறைத்த அந்த மனிதரேதான் அடுத்த வாரம் சங்கத்து வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். பத்துப் பேர் முன்னால் ஒரு பெண் தன் பேச்சை மீறியதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. அவர் சொன்னபடியே பஜாரிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டுகூட வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நல்லது செய்தால் நல்லதே நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைப் பாக்கெட்டுக்கு டிசைன் கேட்டுத் திரும்ப முதலிலிருந்து அலைந்தேன். இரண்டாவது தடவையாக நாடு மாறி வந்த மாதிரி இருந்தது.

ஒரு வருடம் கழித்து சரோஜாக்கா என் அறைக்கு வந்தார். முதலாம் ஆண்டு நினைவு தினத்துக்குச் சின்னதாக ஒரு கார்டு அடிக்க வேண்டும் என்றார். பொட்டில்லாத நெற்றி. எனக்கு அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. படத்தை வாங்கி ஸ்கேன் செய்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஏங் கண்ணு" என்றார் முதுகுக்குப் பின்னால். "அந்த பேக்கரி எங்க இருக்குது?"

படத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

"திறப்பு விழாப் பேனரை எல்லாரும் கட்டுவாங்க. உன்னாட்டக் கிழிச்சுச் சுருட்டி நெஞ்சோட புடிச்சுட்டு யாராச்சும் நிப்பாங்களா? அங்கயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏங்கக்கா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ அழுதிருப்பே, அத்தோட முடிஞ்சிருக்கும். நீ திறப்பு விழான்னு சொன்னியே, ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் அதையே நம்பிக்கலாம்னு நடந்தேன். என்ன ரசம் வெக்கறதுன்னு யோசிச்சுட்டே அந்த மேடு பூராவும் ஏறுனேன். ஊட்டு வாசல்ல செருப்பக் கழட்டற வரைக்கும் அவரு இருந்தாரு."